வாப்பாவின் சிறுமூளை: விபத்துக்குப் பிறகு வீட்டில் நாங்கள் பழகியவை

வாப்பாவின் காலில் பலம் குறையவே இல்லை. கட்டிலில் படுத்தபடி உதைக்கச் சொன்னால், உள்ளங்கையை வைத்துப் பிடித்த டொக்டர் ஓர் அடி பின்னால் போனார். கைப்பிடியும் அப்படித்தான், சிறு வயதிலிருந்து தறியில் இருந்த கை. ஆனால் எழுப்பி நிறுத்தினால் விழுந்தார். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனால் கை கோப்பையைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், கிட்ட வர வர நடுங்கும். மடியில் சும்மா வைத்திருக்கும்போது அதே கையில் ஒரு அசைவும் இருக்காது. பாரிசவாதம் வந்தவர்களை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது அதில் சேரவில்லை.

நாங்கள் மருதமுனை. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குச் சற்று வடக்கே, கைத்தறிக்குப் பேர்போன ஊர். வாப்பா சாறன் நெய்பவர். மாரி மழைக்குள் மாமாவின் பைக்கில் பின்னால் இருந்து வந்தபோது பைக் சறுக்கி, பின்மண்டை ரோட்டில் அடிபட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. மண்டையின் மேற்பாதியை மட்டும் மூடுகிற ரகம். பெரிய ஆஸ்பத்திரியில் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். பின்மண்டை எலும்பில் ஒரு வெடிப்பு, பக்கத்தில் சின்னதாக ஓர் இரத்தக் கசிவு, ஒப்பரேஷன் தேவையில்லை என்றார்கள். கசிவு வற்றிவிட்டது என்று அடுத்த ஸ்கானில் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிதான் பிறகு தலைவலியாகிப் போனது. வந்து பார்க்கிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும், "ஸ்கான்ல ஒண்டுமில்லையாம், பிறகென்ன, எழும்பி நடக்க வேண்டியதுதானே" என்றார்கள். வாப்பா மனதை விட்டுவிட்டார் என்று ஒரு கதை, பயம்தான் காரணம் என்று இன்னொரு கதை, யாரோ கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக்கொண்டு வந்தார்கள். சி.ரி.யில் ஒன்றுமில்லை என்றால் மூளையில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. மண்டையின் அந்தப் பின்பகுதியில் எலும்பு தடிப்பு. அதனால் படத்தில் கோடு கோடாக விழுந்து சிறுமூளை இருக்கும் இடம் தெளிவாக வராது. அதோடு, நுண்ணிய நரம்பிழைகள் அறுந்தது சி.ரி.யில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. எம்.ஆர்.ஐ.தான் கொஞ்சம் காட்டும். வாப்பாவுக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இடது சிறுமூளையிலும், அதிலிருந்து மேலே போகும் தண்டிலும் புள்ளி புள்ளியாக இரத்தம் கசிந்த அடையாளம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் சிறுமூளையைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் என்பதால் கொஞ்சம் பிடிபட்டது. மீதியைக் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சிறுமூளை பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளைக்குக் கீழே இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு 150 கிராம் அளவுதான் வரும். மனித மூளையில் மொத்தம் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் என்று 2009இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அதில் 6,900 கோடி இந்த 150 கிராமுக்குள். பெருமூளை "கோப்பையை எடு" என்று கைக்குக் கட்டளை அனுப்பும்போது அதன் பிரதி ஒன்று மூளைத்தண்டு வழியாகச் சிறுமூளைக்கும் வருகிறது. அதே நேரத்தில் கை எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்ற செய்தி முள்ளந்தண்டு வழியாக வந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்து, எந்தத் தசை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற திருத்தத்தைச் சிறுமூளை திருப்பி அனுப்புகிறது. நாம் நினைத்துப் பார்க்காமலே, ஒவ்வொரு அசைவிலும் இது நடக்கிறது. இந்தப் பாதை இரண்டு தடவை பக்கம் மாறுவதால் இடது சிறுமூளை இடது கையைத்தான் பார்க்கிறது. பெருமூளையில் அடிபட்டால் எதிர்ப்பக்கம் பாதிக்கும், இதில் அதே பக்கம். வாப்பாவுக்கு இடது கை மோசமாக இருந்ததும், நடக்கும்போது இடப்பக்கமே சாய்ந்ததும் அதனால்தான்.

உள்ளே இருக்கும் அமைப்பைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தறியில் நீளமாகக் கட்டிய பாவு நூலுக்குள் குறுக்கு நூலான ஊடை ஓடுவதுபோலவே இருந்தது. 1837இல் செக் நாட்டு விஞ்ஞானி பர்க்கின்ஜே முதலில் விவரித்த பெரிய கலங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கிளைகள் ஒரே தளத்தில் தட்டையாக விரிந்திருக்கின்றன. அந்தக் கிளைகளைச் செங்குத்தாகக் குறுக்கறுத்து மெல்லிய இழைகள் ஓடுகின்றன. ஒரு பர்க்கின்ஜே கலத்தை இப்படித் தொட்டுப் போகும் இணைப்புகள் ஒரு லட்சத்துக்கு மேல். அது போதாதென்று மூளைத்தண்டிலிருந்து வரும் வேறொரு வகை இழை, ஒரு கலத்துக்கு ஒன்று மட்டும், கிளைகளைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இத்தனையையும் வாங்கிக்கொண்டு பர்க்கின்ஜே கலம் வெளியே அனுப்புவது அடக்குகிற செய்தி ஒன்றை மட்டுமே. அந்த அடக்கல் நேரத்துக்கு வராவிட்டால் சிறுமூளையின் திருத்தம் பிந்திப்போகிறது. கையை ஓட்டுகிற தசை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை, எதிர்த்தசை பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிப்பதில்லை. கோப்பையைக் கை தாண்டிப் போனது அதனால்தான்.

தலையில் அடிபடும்போது இந்தக் கலங்களுக்கு இரண்டு வழியாகக் கேடு வருகிறது. ஒன்று, அடிபட்ட மூளையில் குளுட்டமேட் என்ற இரசாயனம் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. இவ்வளவு இணைப்புகளைச் சுமக்கும் பர்க்கின்ஜே கலத்துக்குள் கல்சியம் கட்டுக்கடங்காமல் ஏறி, கலம் சாகிறது. ஒட்சிசன் குறைந்தாலும் முதலில் அடிபடுகிற கலங்களில் இதுவும் ஒன்று. எலிகளில் செய்த பரிசோதனைகளில், பெருமூளைப் பக்கம் கொடுத்த அடிக்கே சிறுமூளையில் பர்க்கின்ஜே கலங்கள் செத்திருக்கின்றன. ஆகவே நெற்றியில் அடிபட்டவருக்கும் தள்ளாட்டம் வரலாம். இரண்டாவது, மண்டை சட்டென்று சுழன்று நிற்கும்போது நீண்ட இழைகள் இழுபட்டு அறுகின்றன. சிறுமூளையிலிருந்து திருத்தம் வெளியே போகும் மேல்தண்டு அப்படி அறுபடக்கூடிய இடம். கலம் பிழைத்திருந்தாலும் அது சொல்வது போய்ச் சேராது.

செத்த பர்க்கின்ஜே கலம் திரும்ப முளைக்காது. இதை டொக்டர் மறைக்காமல் சொன்னார். மிச்சமிருப்பவை புதிதாகப் பழகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நாங்கள் வீட்டில் செய்ததெல்லாம் இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான்.

சிறுமூளை எப்படிப் பழகுகிறது என்பதற்கு ஒரு கோட்பாடு உண்டு. டேவிட் மார் 1969இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971இலும் தனித்தனியாக எழுதினார்கள்: சுற்றி ஏறும் அந்த ஒற்றை இழைதான் "இது பிழை" என்று சொல்லிக்கொடுக்கிறது, அந்தச் செய்தி வரும்போது வேலை செய்துகொண்டிருந்த மற்ற இணைப்புகளின் பலம் மாறுகிறது, அடுத்த தடவை அசைவு கொஞ்சம் திருந்துகிறது. ஆல்பஸ் எதிர்பார்த்தபடியே அந்த இணைப்புகள் பலம் குறைவதை 1982இல் ஜப்பானின் மசாவோ இட்டோவின் குழு பரிசோதனையில் காட்டியது. முழுக் கதை இதைவிடச் சிக்கலானது என்று பிறகு தெரிய வந்திருக்கிறது. ஆனாலும் எங்களுக்குப் பயன்பட்டது இந்த ஒன்றுதான்: பிழை நடந்தால்தான் திருத்தம் நடக்கும்.

பயிற்சி தருகிற பிசியோதெரபி மிஸ் இதையே ஒரு வரியில் சொன்னார். உம்மா வாப்பாவின் கையைப் பிடித்துக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "உம்மா, விழாம பிடிங்க. பிழை விடாம பிடிக்காதீங்க" என்றார்.

சொல்வது லேசு. சுறுசுறுப்பாக ஓடித் திரிந்த மனிதன் கண்ணெதிரே சோற்றை மூக்கில் இடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த மனைவிக்கு மனம் வரும்? உம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். மேசையை உயர்த்தினோம். முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னோம். இது முக்கியமானது: சிறுமூளை பாதித்தவருக்கு ஒரு மூட்டு மட்டும் அசைவது பெரிய சிரமமில்லை, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து ஓடும்போதுதான் ஒன்றின் இழுப்பு மற்றதைக் கெடுக்கிறது. முழங்கை ஊன்றியிருந்தால் அசைய வேண்டிய மூட்டுகள் குறைந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதில் அடி கனத்த சில்வர் குவளை, அதிலும் அரைவாசிதான் தேத்தண்ணி. விளிம்பு உயர்ந்த தட்டு, அதற்கடியில் ஈரத் துணி, தட்டு வழுக்காமலிருக்க. சிந்தினால் யாரும் "ஐயோ" என்று சொல்லக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைப் பிள்ளைகள்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

பிழை விடட்டும் என்றால் எவ்வளவு பெரிய பிழையும் விடட்டும் என்பதல்ல. சிறுமூளை பாதித்தவர்கள் பெரிய பிழையிலிருந்து பழகுவதைவிடச் சின்னச் சின்னப் பிழையிலிருந்து பழகுவது எளிது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் குவளையை முதலில் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தோம். அது சரிவரத் தொடங்கியதும் நாலு விரல் தள்ளி. இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு தவறினாய் என்று சொல்வதைவிடச் சரியாக வந்ததை உடனே "சரி" என்று சொல்லிக் கொடுப்பது இவர்களுக்கு உதவுகிறது. பரிசு, பாராட்டு வழியாகப் பழகும் மூளைப்பாதை வேறு, அது இவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே வாப்பா குவளையைச் சரியாகப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் என் தம்பியின் சின்ன மகன் "சரி!" என்று கத்துவான். வாப்பாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

நடைக்குப் பிசியோ மிஸ் தந்த பயிற்சிகளில் சிலவற்றுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. ஃபிரெங்கெல் என்ற சுவிட்சர்லாந்து வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வேறொரு நோய் வந்தவர்களுக்காக வகுத்தவை. படுத்தபடி ஒரு குதிக்காலை மற்றக் காலின் முழங்காலில் வைத்து, கணுக்கால் வரைக்கும் மெதுவாக இறக்குவது. கதிரையில் இருந்தபடி தரையில் போட்ட குறிகளில் பாதத்தை வைப்பது. கண்ணால் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு, அவசரப்படாமல். குறிகளுக்கு எங்கள் வீட்டில் மாபிள் கோடுகள் போதுமாயிருந்தது. களைத்தவுடன் நிறுத்தினோம். களைத்த பிறகு செய்தால் அசைவு கெட்டுவிடும், அப்போது பழகுவது அந்தக் கெட்ட அசைவைத்தான்.

நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. சாறனுக்கு மேல் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, பின்னால் அவர் சாயும் பக்கமாக நின்று அந்தப் பெல்ட்டைத் தளர்வாகப் பிடித்தோம். தள்ளாடினால் தள்ளாடட்டும், விழப்போகும்போது மட்டும் பெல்ட் இறுகும். கையைப் பிடித்தால் அவர் தன் பாரத்தை நம்மீது போட்டுவிடுவார், பிறகு நம்மில்லாமல் நடக்க வராது. ஊன்றுகோல் ஒன்று வாங்கினோம், அது சரிவரவில்லை. கை ஆடுகிறவருக்குக் கோலும் ஆடும். நாலு கால் வைத்த வோக்கர்தான் சரிவந்தது.

விழுகைகள் நடந்தது பெரும்பாலும் திரும்பும்போதுதான், நேரே நடக்கையில் இல்லை. அடுத்தது இருட்டில். அடுத்தது, யாராவது கதை கொடுக்கும்போது. எங்கள் ஊரில் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போவதற்குள் எத்தனை பேர் ஸலாம் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாப்பா பதில் சொல்ல வாயைத் திறந்து, முகத்தையும் திருப்புவார். அந்த நிமிஷமே கால் பின்னும். சிறுமூளை தானாகப் பார்த்துக்கொண்ட நடையை இப்போது அவர் கவனம் வைத்து நடத்துகிறார். கவனம் ஸலாத்துக்குப் போனால் நடைக்கு மிச்சமில்லை. 1917இல் கோர்டன் ஹோம்ஸ் என்ற அயர்லாந்து டொக்டர், முதலாம் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பற்றி எழுதியவர். அந்தக் காலத்து இரும்புத் தொப்பி பிடரியை மூடாது, அதனால் அப்படிக் காயப்பட்டவர்கள் ஏராளம். அவர் பார்த்த நோயாளி ஒருவர், நல்ல கை நினைக்காமலே வேலை செய்கிறது, கெட்ட கைக்கு ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாராம். வாப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அவன் சரியாச் சொல்லிரிக்கான்" என்றார்.

அதற்கு நாங்கள் வைத்த வழி: முதலில் நில், பிறகு திரும்பு, பிறகு ஸலாத்துக்குப் பதில் சொல். அயலில் உள்ளவர்களுக்கும் சொல்லிவைத்தோம். பின்னால் இருந்து கூப்பிடாதீங்க, முன்னால் வந்து சொல்லுங்க என்று. இப்போது சின்னப் பிள்ளைகள்கூட முன்னால் ஓடிவந்து நின்றுதான் ஸலாம் சொல்லும்.

வுழூ எடுப்பதை, அதாவது தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதிகம் பயந்தது அதற்குத்தான். முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது கண் மூடும், காலைக் கழுவ ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், கீழே ஈரம். இவ்வளவும் ஒன்றாக. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கைபிடிக் கம்பி பதித்து, கனமான பலகைக் கதிரை ஒன்றைப் போட்டோம். இருந்தபடி வுழூ. தொழுகைக்கும் கதிரைதான். வாப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நின்று தொழுத மனிதன். நிற்க முடியாதவர் இருந்து தொழலாம் என்பது அவருக்குத் தெரியாததில்லை, பள்ளிவாசலில் மௌலவி நேரே சொன்ன பிறகுதான் மனம் ஆறியது. நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதிலிருந்து சட்டென எழும்பும்போது தலை சுற்றிச் சரிந்து விழுவது அதோடு நின்றது.

ஊருக்குள் வந்த பேச்சு வேறு. கால்களை அகட்டி வைத்து, தள்ளாடி, சொற்களைத் துண்டு துண்டாக இழுத்துக் கதைக்கும் ஒருவரைப் பார்த்தால் தெரியாதவர்கள் என்ன நினைப்பார்கள்? கல்முனை பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார். வாழ்நாளில் தொடாத ஒரு சாமானுக்காக வாப்பா அன்று குனிந்த தலை வீடு வந்து சேரும் வரைக்கும் நிமிரவில்லை. மது ஆளைத் தள்ளாட வைப்பதும் இதே சிறுமூளையைப் பாதித்துத்தான். அமெரிக்காவில் பொலிஸார் சாரதிகளைக் கோட்டில் குதிக்காலோடு விரல் சேர்த்து நடக்கச் சொல்வது அந்தப் பகுதியைச் சோதிக்கிற ஒரு வழி. அதனால் நடை ஒன்றுபோல இருப்பதில் அதிசயமில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் நோயை எழுதித் தந்த டயக்னோசிஸ் காட்டின் போட்டோக் கொப்பியும், "தலையில் அடிபட்டதால் நடையும் பேச்சும் பாதித்தவர்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய துண்டும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஏதும் விபத்து நடந்தாலும் அது தேவைப்படும், குடித்திருக்கிறார் என்று நினைத்து உண்மையான காரணத்தைத் தவறவிட இடமிருக்கக்கூடாது.

மருந்து விஷயம் ஒன்று. நடை திருந்திக்கொண்டு வந்த நேரத்தில் திடீரென்று தள்ளாட்டம் கூடியது. கதை இன்னும் குழறியது. பக்கத்தில் பார்க்கச் சொன்னால் கண்மணி துடித்துத் துடித்து ஓடியது. சிறுமூளை இன்னும் கெட்டுவிட்டது என்றுதான் நாங்கள் பயந்தோம். கிளினிக்கில் டொக்டர் முதலில் பார்த்தது மாத்திரைகளை. வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் ஃபெனிடோயின் இரத்தத்தில் அளவு கூடினால் இதே மூன்றும் வரும். கொஞ்சம் டோஸ் கூட்டினாலே இரத்தத்தில் சட்டென்று ஏறிவிடுகிற மருந்து அது. அளவை மாற்றினார், தள்ளாட்டம் பழைய நிலைக்கு வந்தது. நாமாக நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும், அது இதைவிட ஆபத்து. ஆகவே மாற்றம் தெரிந்த அன்றே மாத்திரைப் பெட்டியோடு டொக்டரிடம் போங்கள். போகும்போது நடப்பதையும் குவளையைப் பிடிப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் நல்லது. நெருக்கடியான கிளினிக்கில் "கொஞ்சம் கூடியிரிக்கு டொக்டர்" என்பது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. போன மாச வீடியோவும் இந்த மாச வீடியோவும் சொல்லும்.

கூடுகிற தலைவலி, வாந்தி, எழுப்ப எழுப்பத் தூங்குவது, இவற்றில் ஏதும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு. சிறுமூளை இருப்பது ஒடுக்கமான இடத்தில். அங்கே வீக்கம் வந்தால் மூளைக்குள் ஓடும் நீரின் பாதை அடைபடும், மூளைத்தண்டும் நெரிபடும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவதையும் லேசாக விடாதீர்கள். விழுங்குவதற்கும் தசைகள் நேரத்துக்கு ஒத்துழைக்க வேண்டும். வாப்பா நிமிர்ந்து இருந்து, தாடையைக் கொஞ்சம் கீழே வைத்து, சின்ன மிடறாகக் குடிக்கப் பழகினார். படுத்தபடி எதுவும் கொடுக்கவில்லை. அவருக்குத் தண்ணீரைவிடக் கஞ்சி பாதுகாப்பாக இறங்கியது.

ஓதும்போது எழுத்துகள் குதித்தன. தலை அசையும்போது கண் ஒரே இடத்தில் நிற்பதைச் சரிசெய்து வைத்திருப்பதும் சிறுமூளைதான். சுவரில் ஒட்டிய ஒரு எழுத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் மெல்ல இடம் வலமாகத் திருப்பும் பயிற்சி தந்தார்கள். பெரிய எழுத்துக் குர்ஆனும், வரிக்குக் கீழே பிடிக்க ஒரு கார்ட் மட்டையும் அதைவிட உடனடியாக உதவின.

கோபத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், அது வீட்டுக்குள் நடந்ததென்றாலும். சாந்தமான மனிதர், சின்னச் சின்ன விஷயத்துக்குச் சத்தம் போடத் தொடங்கினார். சாறனுக்கு நிறக்கோடுகள் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்று மனக்கணக்காகவே பாவு ஓட்டியவர், அந்த ஒழுங்கைத் தலைக்குள் வைத்திருக்க முடியாமல் தடுமாறினார். சிறுமூளை உடம்பசைவை மட்டும் பார்க்கிறது என்பது பழைய எண்ணம். அது பெருமூளையின் முன்பகுதியோடும் வட்டம் வட்டமாகத் தொடர்பு வைத்திருக்கிறது. 1998இல் ஷ்மாமனும் ஷெர்மனும் சிறுமூளை பாதித்தவர்களின் திட்டமிடல், மொழி, குணம் எல்லாம் மாறுவதை ஒரு தனிக் கோளாறாக விவரித்தார்கள். உம்மாவுக்கு நான் இதைச் சொன்னபோது, "அப்ப அது அவரில்ல, அடிதான்" என்றார். பாதி சரி. இரைச்சலும் களைப்பும் உள்ள நேரத்தில் கோபம் கூடுவதைக் கண்டு, மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு தூக்கத்தைக் கட்டாயமாக்கினோம். அந்த நேரத்தில் வீட்டில் ரீவி இல்லை, வந்து பார்ப்பவர்களும் இல்லை.

தறிக்கு வருவோம். கை கயிற்றை இழுக்க, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும், மற்றக் கை பலகையை இழுத்து அடிக்கும், கால் மிதியை மாற்றும், எல்லாம் ஒரே தாளத்தில். நேரம் தவறினால் நாடா பாவுக்குள்ளேயே நின்றுவிடும், நூல் அறும். சிறுமூளையைப் பரிசோதிக்க ஒரு யந்திரம் செய்யச் சொன்னால் இதைத்தான் செய்வார்கள். வாப்பா முதல் நாள் நேரே தறியில் ஏறப் பார்த்தார். பிசியோ மிஸ்ஸிடம் தறியை வீடியோ எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார். முதலில் நூல் சுற்றுவது மட்டும். பிறகு பாவு இல்லாத தறியில் மிதி மட்டும், எண்ணி எண்ணி. பிறகு மிதியும் பலகையும். நாடா கடைசி. வேகம் வேண்டாம், தாளம் பிசகாமல் வந்தால் போதும் என்றார். வாயால் எண்ணிக்கொண்டு மிதித்தபோது கால் ஒழுங்காக வந்தது; எண்ணுவதை நிறுத்தினால் கெட்டது. அந்த எண்ணலைப் பல மாதம் விடவில்லை.

இப்போது வெள்ளைச் சாறன் நெய்கிறார், நிறக்கோடு இல்லாதது. முன்னர் ஒரு நாளில் நெய்த அளவுக்கு இப்போது கிழமைக் கணக்கில் ஆகும். இடது பக்கக் கரை கொஞ்சம் நெளியும். வாங்க வருகிற முதலாளி அதைச் சொல்லி விலையைக் குறைப்பார், வாப்பா அதற்கு ஒரு சண்டை பிடிப்பார். பெரிய முன்னேற்றம் முதல் அரை வருஷத்துக்குள் வந்தது என்பது உண்மை. ஆனால் கரை நேராக வரத் தொடங்கியது அதற்கும் எவ்வளவோ பிறகு. ஆறு மாதம் தாண்டினால் இனி ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் ஒரே வழக்கு பைக். தறியில் ஏறினவன் பைக்கில் ஏற ஒண்ணாதா என்று கேட்கிறார். தறி விழாது வாப்பா என்றால் பதில் இல்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு கோட்டில் நேராக நடந்து காட்டட்டும், பிறகு கதைப்போம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சாவியை என் காக்கா (அண்ணன்) தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பின்னால் இருந்து போவதற்கு மட்டும், பிடரி வரைக்கும் மூடுகிற முழு ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். நாடிக்குக் கீழே வாரை நாங்கள்தான் பூட்டிவிடுகிறோம், அந்தக் கொக்கி இன்னும் வாப்பாவின் விரலுக்குப் படியவில்லை.